போர்வை போர்த்திய ரோபோ

ரோபோக்களுக்குப் பாடம் சொல்லித் தருவதுதான் என் பிழைப்பு. கணினியில் வரும் படத்தில் இருப்பவர் தூங்குகிறாரா, விழுந்து கிடக்கிறாரா என்று குறிக்க வேண்டும். நாளுக்கு இரண்டாயிரம் படம் பார்த்தால் கண் பூத்துப்போகும். சந்தேகம் வந்தால் 'தூக்கம்' என்று தட்டிவிடுவேன். 'விழுந்தார்' என்றால் காரணம் வேறு எழுதித் தொலைக்க வேண்டும்!

அந்த ரோபோக்களில் ஒன்றையே மாமியாருக்குத் துணையாக வாங்கினோம். நேற்று நாங்கள் வெளியே போயிருந்தபோது அவர் வழுக்கி விழுந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால், வெறுந்தரையில் கிடக்கிறார்; கழுத்துவரை போர்வை.

"இதுக்குச் சொல்லிக்கொடுத்த மடையன் எவன்?" என்று கணவர் கத்தினார். நான் குனிந்து மாமியாரைத் தூக்கி உட்காரவைத்தேன்.

"அதத் திட்டாதடா," என்றார் மாமியார். "தூங்குறேன்னு நெனச்சு விளக்கக்கூட அணைச்சுச்சு, பாவம். யாரு வளர்த்ததோ, நல்ல மனசோட வளர்த்திருக்காங்க."