கவ்வாத்து மலையில் ஒளிய முடியாது

நான் மூணாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கினவள். இதை எழுத நாலு நாளாச்சு. ஆனாலும் என் கையாலேயே எழுதுகிறேன். நன்றி சொல்ல அடுத்தவரை எதுக்குக் கூப்பிட வேண்டும்?

போன வருஷம் ராகலையிலிருந்து ஒரு டீச்சர் பஸ் ஏறி எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். ரொம்ப காலம் முன்னே எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வெட்டுப்பட்டுச் செத்தார். அதை வைத்து டீச்சர் ஒரு காதல் கதை எழுதியிருந்தார். அச்சுக்குக் கொடுக்கும் முன்னே எனக்கு வாசித்துக் காட்டணுமாம். அந்தக் கொலைக்கு பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது என்னைக் கட்டிக்க இருந்தவரை. பிறகு என் புருஷனானார். இப்போது அவர் இல்லை.

டீச்சர் நன்றாகத்தான் வாசித்தார். கணக்கப்பிள்ளை என்னிடம் வாய் நீட்டினது, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நிற்கும்போது என் புருஷன் அவர் சட்டையைப் பிடித்தது, எல்லாம் நடந்ததுதான். அப்புறம் நல்ல வெயிலில், நாலாம் நம்பர் மலையில், என் மேலுள்ள ஆசையால், தேயிலைக்குள் ஒளிந்திருந்து இவரே கத்தியோடு பாய்கிறார்.

கொன்றவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை, அதனால் ஊர் வாயும் மூடவில்லை. பேச்சு காற்றோடு போகும். புத்தகத்தில் ஏறினால் என் பேரப்பிள்ளைகளும் அவரைக் கொலைகாரர் என்றே படிக்கும்.

"டீச்சர், அந்த மலையில ஒளிய முடியாதுங்க."

"ஏம்மா?"

"பத்து நாளைக்கு முன்னதான் கவ்வாத்து வெட்டியிருந்தாங்க. இலையே இல்ல. முழங்கால் உசரத்துக்கு வெறும் குச்சி. முசல்கூட ஒளியாது."

"காதலுக்காகக் கொன்னாதானேம்மா கதை சுவையா இருக்கும்?"

"சுவை பத்தலைன்னா சீனி போட்டுக்குங்க. என் புருஷனைப் போடாதீங்க."

டீச்சர் சிரித்துவிட்டு, மேலே சொல்லச் சொன்னார்.

அன்றைக்குப் பொலிஸும், இவர் அந்த மலையில் ஒளிந்திருந்து வெட்டினதாகத்தான் சொன்னது. இன்ஸ்பெக்டரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் சிங்களவர். நம்பவில்லை. மலைக்கே கூட்டிப்போய், "வாடிவென்ன மாத்தியா" என்று குச்சிகளுக்கு நடுவே அவரையே உட்கார வைத்தேன். ரோட்டில் நின்ற கொழுந்துப் பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"தொப்பியை விடுங்கடி, மாத்தியாவோட மீசையே தெரியுது" என்றாள் ஒருத்தி.

வேறு ஆளாக இருந்தால் கைநீட்டியிருப்பார். அந்த மனுஷர் காற்சட்டையைத் தட்டிக்கொண்டு எழும்பி, தானும் சிரித்தார். மறுநாள் இவரை விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் விளக்கு வைக்கும்போது அந்த இன்ஸ்பெக்டருக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

கேட்டு முடித்த டீச்சர், கவ்வாத்து வெட்டின மலை ஒன்றைக் காட்டச் சொன்னார். சேலையைச் செருகிக்கொண்டு தானும் உட்கார்ந்து பார்த்தார்.

"நான் தெரியறேனா?"

"கொண்டைப் பூ வரைக்கும் தெரியுது."

"அப்போ மூணு அத்தியாயம் கிழிக்கணும் போலிருக்கேம்மா" என்றார். மாதக்கணக்கில் எழுதினது. முகம் சுளிக்கவில்லை.

தை மாதம் புத்தகம் வந்தது. மருமகள் வாசித்தாள். கதையில் அவர் குற்றமில்லாமல் வீட்டுக்கு வருகிறார். அந்தப் பக்கத்தை மட்டும் வாங்கி, எழுத்துக் கூட்டி நானே இன்னொரு தரம் வாசித்தேன். டீச்சருக்கு என் கும்பிடு.

கதையில் அவர் என்னிடம் பக்கம் பக்கமாக ஆசை வார்த்தை பேசுகிறார். வீட்டில் "சாப்பிட்டியா" என்பதைத் தாண்டி அவர் பேசினதில்லை. அதை நான் திருத்தச் சொல்லவில்லை.