வசிதி காகிதத்தில் விட்ட இடம்

வசிதி என் மாமன் மகள். எங்கள் பல்கலைக்கழகத்தின் கட்டட அலுவலகத்தில் இருபத்துமூன்று வருடமாக வரைபடம் போடுகிறாள். வளாகத்தில் எந்தக் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அவளைக் கிண்டல் செய்வது என் பிறப்புரிமை. அத்தை மகன் என்றால் அதற்குத்தானே.

அவளுடைய அண்ணன் இனோகேதான் குலத் தலைவர். அவளுக்குப் பன்னிரண்டு வயதானதிலிருந்து இருவரும் பேசிக்கொண்டதில்லை. சண்டையெல்லாம் இல்லை. எங்கள் தீவு வழக்கப்படி வயதுவந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவது மரியாதையாகாது. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் நடுவில் இருந்து சொல்பவன் நான், என் தலைதான் உருளும்.

பல்கலைக்கழகத்தின் இருபத்தைந்தாண்டுத் திட்டத்துக்கு ஓடைக்கு அந்தப்பக்கமுள்ள குல நிலம் வேண்டியிருந்தது. பிரிஸ்பேனிலிருந்து வந்த திட்ட அதிகாரி ஹார்லி, விளக்கம் சொல்ல வசிதியை அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். "உங்க அண்ணன்தானே தலைவர், சுலபமா முடிஞ்சிடும்" என்றாராம். அந்த மனிதருக்கு யார் சொல்லிப் புரியவைப்பது?

ஊர்க்கூடத்து வாசலில் அவள் வரைபடச் சுருளோடு நின்றாள். அதை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமன் மகளே, குளிருதா?"

"வாயை மூடுடா. இறுதிப் படத்தை இன்னைக்குக் காலைலதான் கண்ணுல காட்டினாங்க. புது மாணவர் விடுதியோட மூணாவது கட்டடம் எங்க வருதுன்னு பாரு."

பார்த்தேன். மூங்கில் புதருக்குப் பின்னால், குலத்தின் முதல் வீடு நின்ற மேட்டின் மேலேயே. அதைப் பற்றி வெளியாளிடம் நாங்கள் வாய் திறப்பதில்லை. அந்த நிலத்தை முதலில் வரைந்தபோது ஒவ்வொரு மரத்தையும் குறித்த வசிதி, அந்த இடத்தை மட்டும் மரியாதைக்காகச் சும்மா விட்டிருந்தாள். அலுவலகத்துக்கு அது காலி மனையாகத் தெரிந்துவிட்டது.

"குறிச்சிருக்கலாமே."

"கண்டவன் பார்க்கிற காகிதத்துலயா? நீ குறிப்பியா?"

மாட்டேன்தான். எனக்கு யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை.

உள்ளே, விருந்தாளி வந்தால் செய்கிற வழக்கப்படி யங்கோனா வேர்க்கட்டையைத் தலைவர் முன் வைத்து வணங்கி, அதை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாயிற்று. ஹார்லி குச்சியால் படத்தைத் தொட்டுத் தொட்டு விளக்கினார். இனோகேவுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. "தங்கச்சி வரைஞ்சது, தப்பா இருக்காது" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நிலம் தரச் சம்மதித்து அவர் கையெழுத்துப் போட்டால் மறுமாதமே மண்வெட்டும் எந்திரம் வந்துவிடும். பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்.

"செக்கோவே" என்றாள் வசிதி, என்னைப் பார்த்து. "கையெழுத்துப் போட வேண்டாம்னு அண்ணன்கிட்ட சொல்லு."

ஆறடி தூரத்தில் இருந்தவருக்குக் கேட்காமலா இருக்கும்? இருந்தாலும் சொன்னேன்.

"ஏன்னு கேளு" என்றார் அவர், என் முகத்தைப் பார்த்தே.

"மூணாவது கட்டடம் மேட்டு மேல வருதுன்னு சொல்லு."

கூடத்தில் எல்லாத் தலையும் ஹார்லியின் பக்கம் திரும்பியது. "எந்த மேடு? படத்துல மேடே இல்லையே" என்றார் ஹார்லி.

"படத்தை வரைஞ்சது யாருன்னு கேளு" என்றார் இனோகே என்னிடம்.

"நிலத்தை வரைஞ்சது நான்தான். குறிக்கக் கூடாதுன்னு விட்டேன். வெறும் இடம்னு நினைச்சுக் கட்டடத்தைப் போட்டுட்டாங்க. தப்பு என்னோடதுன்னு சொல்லு." தப்பு அவளுடையது என்பதை மட்டும் நான் திருப்பிச் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை.

இனோகே கையெழுத்துத் தாளைத் தள்ளி வைத்தார். வெளியாள் கண்ணெதிரே மேட்டைக் காகிதத்தில் ஏற்றினால் காலங்காலமாகக் காத்த ரகசியம் போய்விடும். ஏற்றாவிட்டால் மேடே போய்விடும். கடைசியில் பேனாவைப் பாயின்மேல் அவள் பக்கம் உருட்டிவிட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"வசிதி" என்றார். "நீயே வரைம்மா."

நாற்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர். அவள் அழுதுகொண்டே குனிந்து, மூன்றாம் கட்டடத்தின் மேல் மேட்டைக் குறித்து ஒரு வட்டம் போட்டாள்.

"அண்ணே, இவ்வளவு போதுமா?"

"இன்னும் கொஞ்சம் பெரிசா போடு."

இருவருக்கும் நடுவில் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.