இரண்டாவது சாம்பிள்

ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் கழுகு. இருபத்தாறு வருஷமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களைப் பார்க்கிறவள். ஆயிரம் நல்ல செல்லுக்கு நடுவே ஒரு கோணல் செல் ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுவாள். "நல்லவேளை, கல்யாணம் பண்ணிக்கலை. மாப்பிள்ளை பாடு திண்டாட்டமா போயிருக்கும்" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடிப்பார்கள்.

அங்கே ஒரு கறாரான வழக்கம் உண்டு. சொந்தக்காரர் ஸ்லைடு வந்தால் தொடக் கூடாது, அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். பாசம் கண்ணை மறைத்துவிடுமாம். தங்கையின் ஸ்லைடு வந்தபோது கழுகும் அப்படித்தான் தள்ளினாள். நல்லதும் இல்லை, மோசமும் இல்லை, ரெண்டுங்கெட்டான் என்று முடிவு வந்தது. அப்படி வந்தால் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்று அடுத்துப் பார்ப்பார்கள். பல வகைகள் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். பதினாறும் பதினெட்டும்தான் ரொம்பப் பொல்லாதவை, புற்றில் கொண்டுபோய் விடுபவை. அவை இருந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். தங்கையின் சாம்பிளோ அந்தப் பரிசோதனைக்குப் போதவில்லை. இன்னொரு முறை வந்து கொடுக்கச் சொல்லிக் கடிதம் போனது.

தங்கை பள்ளிச் சீருடை தைப்பவள். பள்ளி திறக்கப் பத்தே நாள். வீடு முழுக்க நீலத் துணி. போனில் கெஞ்சினாள்.

"அக்கா, மறுபடியும் அந்தக் கட்டில்ல போய்ப் படுக்கணுமா? வெக்கம் பிடுங்கித் தின்னுது. அவசியம் வரணுமா, நீயே சொல்லு."

வேறொருத்தி கேட்டிருந்தால் கழுகு ஒரு பிடி பிடித்திருப்பாள். தங்கை ஆயிற்றே! இப்படிப்பட்ட முடிவுகளை எத்தனையோ பார்த்தவள்; பெரும்பாலானவை தானாகவே சரியாகிப் போயின. அந்தத் தைரியம்தான் பாவியைக் கவிழ்த்தது.

"விடுடி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இதெல்லாம் தானா போயிடும்" என்றாள். ஸ்லைடைத் தள்ளிவிடத் தெரிந்தவளுக்கு, இந்தக் கேள்வியையும் இன்னொருவரிடம் தள்ளிவிடத் தோன்றவில்லையே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் தங்கை மகளின் பிரசவம். அதற்கப்புறம் இருவருக்குமே மறந்துபோனது. நாலாம் வருஷம் தங்கைக்கு நடுநடுவே உதிரம் பட்டது. மாதவிலக்கு நிற்கிற வயசு என்று அதையும் மூன்று மாதம் மூடிவைத்தாள். டாக்டர் பார்த்தபோது புற்று கருப்பையைத் தாண்டியிருந்தது. வகை பதினாறு. கழுகு அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

வார்டில் தங்கையின் கணவர் புலம்பினார். "நாலு வருஷத்துக்கு முன்னாடியே லெட்டர் வந்திருக்கு, அண்ணி! ஏன் இவ போகலை?"

சொல்லிவிட வேண்டும் என்று கழுகு வாயைத் திறந்தாள். தங்கை முந்திக்கொண்டாள்.

"அக்கா தலைபாடா அடிச்சுக்கிட்டா, வாடி வாடின்னு. நான்தான் கேக்கலை. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் மருந்து வாங்கப் போனதும் கழுகு குலுங்கிக் குலுங்கி அழுதாள். "ஏன்டி பொய் சொன்னே?"

"நான் போனப்புறம் அவருக்கும் என் பொண்ணுக்கும் உன்னை விட்டா யாரு? உண்மை தெரிஞ்சா உன்னை வாசப்படி ஏற விடுவாரா? வாயைத் திறக்க மாட்டேன்னு என் தலை மேல கை வச்சுச் சொல்லு."

முடி கொட்டிப்போன அந்தத் தலையில் கழுகு கை வைத்தாள். வேறென்ன செய்வாள்?

ஏழே மாதம். ஐம்பத்தொரு வயதில் தங்கை போய்ச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கழுகு அந்த வீட்டுக்குப் போகிறாள். தங்கையின் கணவர் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் அதையேதான் கேட்கிறார்.

"நீங்க அவ்வளவு சொல்லியும் வரலையே அண்ணி. ஏன் அப்படிப் பண்ணா?"

அக்கா பேச்சை ஆயுசுக்கும் ஒருமுறைகூடத் தட்டாதவள் அவள்.

"சின்னதுலேருந்தே அவ பிடிவாதக்காரி" என்கிறாள் கழுகு.