மல்லாட்டைக் கொல்லையில் கற்ற ஆங்கிலம்

"நீ இங்கிலீஷு சொல்லிக் குடுக்கப் போறியா? பசங்க தூங்கிப்பூடும்" என்று சிரித்தாள் அத்தை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

திண்டிவனத்து டியூஷன் சென்டரில் அன்று எனக்குச் சோதனை வகுப்பு. நன்றாக நடத்தினால்தான் வேலை. ஒப்பிட 'ஆஸ் மச் ஆஸ்', நிபந்தனை சொல்ல 'ஆஸ் லாங் ஆஸ்' என்று பலகையில் எழுதி விளக்கினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். நிர்வாகி கடிகாரத்தைப் பார்த்தார்.

சட்டென்று, சிறுவயதில் அம்மாவோடு கூலிக்கு வேர்க்கடலைக் காய் ஆயப் போன ஒலக்கூர் மல்லாட்டைக் கொல்லை நினைவுக்கு வந்தது. மண் ஒட்டிய பச்சைக் காயின் இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. கொல்லைக்காரம்மா அங்கே சொல்வதை அப்படியே சொன்னேன்: "எவ்ளோ வேணுமோ அவ்ளோ தின்னுக்கோங்க. மடியில கட்டிக்கினு மட்டும் போவக்கூடாது."

"எங்கம்மாவும் கொல்லையிலேர்ந்து மடிய உதறிக் காட்டிட்டுதான் மிஸ் வரும்" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. அவளே தொடர்ந்தாள்: "எவ்ளோ வேணுமோ அவ்ளோன்னா ஆஸ் மச் ஆஸ். மடியில கட்டாத வரைக்கும்னா ஆஸ் லாங் ஆஸ். அதானே மிஸ்?"

வேலை கிடைத்தது. கல்லூரித் தோழிகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்த கொல்லை அது. இப்போது எல்லா வகுப்பிலும் சொல்கிறேன்.

இந்த ஆண்டு விழுப்புரத்தில் பி.எட். சேர்ந்துவிட்டேன். முதல் நாள் பஸ் ஏற்றிவிட வந்தது அத்தைதான்.