காலித் தட்டில் 64.2

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்ப முடியாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. பேய் என்றால் நள்ளிரவில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தது மத்தியானம் இரண்டு பதினேழுக்கு. சாப்பிட்டுக் கழுவிய கைகூட இன்னும் காயவில்லை.

நான் ஒரு பால்பவுடர் தொழிற்சாலையின் லேபில் வேலை பார்த்தேன். அங்கே என்.ஐ.ஆர். என்று ஒரு மெஷின் உண்டு. கண்ணாடித் தட்டில் பவுடரைக் கொட்டி மூடினால் போதும். கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சி, ஈரம் எவ்வளவு, புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அரை நிமிடத்தில் திரையில் காட்டிவிடும். ஆனால் அது ஒளியை வைத்துப் போடும் கணக்குதான். அதனால் வாரம் ஒருமுறை அதே பவுடரை ஓவனில் காயவைத்து, எடை பார்த்து, மெஷின் சொன்னது சரியா என்று சோதிப்போம். வித்தியாசம் வந்தால் அந்த அளவுக்குத் திருத்தம் போடுவோம். அதற்கு என் பாஸ்வேர்டு வேண்டும். என்னுடையது மட்டும்.

என் கூடப் பிறந்த அண்ணன் அங்கே உற்பத்தி சூப்பர்வைசர். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் நான் லீவு. "பாஸ்வேர்ட குடு, ஓவன் டெஸ்ட நான் பாத்துக்கறேன்" என்றான். கொடுத்தேன். அண்ணனிடம் போய் எதை மறைப்பது?

நான் வேலைக்குத் திரும்பிய நான்காம் நாள் அந்தச் சாவு. பவுடரைச் சேமிக்கும் உயரமான இரும்புத் தொட்டியை சைலோ என்போம். மூன்றாம் சைலோவில் பவுடர் ஈரம் கண்டு பாறை மாதிரி கட்டிவிட்டது. அதை உடைக்க ஒருவரை உள்ளே இறக்கினார்கள், வெளியே காவலுக்கு ஆள்கூட இல்லாமல். ஆள் அவ்வளவு ஒல்லி, எல்லோரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவோம். கட்டி சரிந்தது. பிணமாகத்தான் எடுத்தார்கள்.

அந்தப் பவுடருக்கு ஈரம் 3.4 என்றுதான் மெஷின் சொல்லியிருந்தது. நான்குக்குள் இருந்தால் பவுடர் கட்டாது. அதற்குக் கீழே என் கையெழுத்து. பத்தாம் நாள் எனக்கு விசாரணை. ஒரு மனிதனைக் கொன்றவள் என்று எழுதிவிடுவார்களோ என்று இரவில் தூக்கமே வரவில்லை. "ஞாபகம் இல்லன்னு மட்டும் சொல்லு. நான் இருக்கேன்ல" என்று அண்ணன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

விசாரணைக்கு முந்தின நாள். லேபில் நான் மட்டும்.

2:17. கிர்ர்ர்... மெஷின் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. தட்டு காலி. காலையில் நானே துடைத்து வைத்தது.

காலித் தட்டுக்கு 'மாதிரி இல்லை' என்றுதான் வரவேண்டும். எண்கள் வந்தன.

ஈரம் 64.2. புரதம் 16.8. கொழுப்பு 14.1.

பவுடருக்கு மட்டுமே பழக்கிய மெஷின் அது. பத்துக்கு மேல் அதற்கு ஈரமே தெரியாது. ஏதோ கோளாறு என்று மூடியைத் திறந்தேன். கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. உள்பக்கம். யாரோ வாயருகே வைத்து மூச்சு விட்ட மாதிரி, வட்டமாக.

துடைத்தேன். மூடினேன்.

2:20. கிர்ர்ர்... மறுபடியும் 64.2.

மனித உடம்பில் தண்ணீர் எவ்வளவு? பள்ளியில் படித்தது அப்போதா ஞாபகம் வரவேண்டும்? நூற்றுக்கு அறுபத்துச் சொச்சம்.

டங்.

மெஷினுக்குள்ளிருந்து.

டங்... டங்...

உள்ளே இருந்து யாரோ இரும்பைத் தட்டும் சத்தம். ஓட நினைத்தேன். கதவுப் பக்கம் திரும்பினேன்.

2:23. திரை மாறியது. நான் எதையும் தொடவில்லை.

திருத்தங்களின் பட்டியல். ஒரே வரி. பதினோராம் தேதி. ஈரத்தில் இரண்டு கழிக்கவும். போட்டவர்... நான்.

பதினோராம் தேதி நான் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன்.

கதவு திறந்தது. அண்ணன். திரையைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது.

"இது... இது எப்படி இன்னும் இருக்கு?"

"நீதானே போட்ட?"

"டிரையர வேகமா ஓட்டச் சொன்னாங்க. ஈரம் ஏறிடுச்சு... வேற வழி தெரியல."

"என் பேர்லயா?"

"கத்தாத. நீதான் கவனக்குறைவா மாத்திட்டதா மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். உனக்கு வேலதானே போகும்? எனக்கு ரெண்டு குழந்த இருக்கு."

நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான். என் கூடப் பிறந்தவன். அந்த மெஷினைவிட இவனைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் கம்பெனி இன்ஜினியர் வந்து திறந்து பார்த்தார். பட்டியல் காலி. குண்டூசி இறந்த அன்றே யாரோ அழித்திருக்கிறார்கள். "நேத்து இதுல நீங்க எதையும் பாத்திருக்கவே முடியாது மேடம்" என்றார். 64.2 எங்கேயும் பதிவாகவில்லை. அழித்ததைத் தோண்டி எடுக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. திருத்தம் போட்ட அன்றும், அதை அழித்த நேரத்திலும் நான் தொழிற்சாலையிலேயே இல்லை என்று கேட் ரெஜிஸ்டர் காட்டியது. தப்பித்தேன்.

அழித்த நேரமும் கிடைத்தது. மாலை 7:05.

அண்ணன் ஆபத்து மணியை அடித்தது 7:31.

குண்டூசியின் மூச்சு நின்றது ஏழேகாலுக்கு மேல்தான் என்று டாக்டர் எழுதியிருந்தார். பவுடருக்குள்ளிருந்து குண்டூசியின் போனையும் போலீஸ் எடுத்திருந்தது. அதில் கடைசி அழைப்பு, 6:58. அண்ணனுக்கு. பவுடருக்குள் சிக்கியபடியே நான்கு நிமிடம் பேசியிருக்கிறார்.

அந்த நான்கு நிமிடத்தில் அவருக்கு என்ன பதில் சொன்னான் என்று அண்ணன் இன்றுவரை வாய் திறக்கவில்லை.