யூஹா அடுப்பை அணைத்த வெள்ளிக்கிழமை

1. நாளைக்கு ஆடி

ஆடி பிறக்கப் போகிறது என்றால் எங்கள் ஆபீஸில் முந்தின வாரமே எல்லோரும் போனும் கையுமாக அலைய ஆரம்பித்துவிடுவோம். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், வீட்டைக் கொடுக்கவும் மாட்டார்கள். ஆனால் கம்பெனிக்காரன் பஞ்சாங்கம் பார்த்தா ஆளை அனுப்புகிறான்? பிளேன் ஆடியிலும் வந்து இறங்கத்தான் செய்யும்.

என் பெயர் சுகுணா. நாவலூரில் ஒரு ரீலொகேஷன் ஆபீஸில் தலை நரைக்கிற வரைக்கும் குப்பை கொட்டியவள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு வீடு பிடித்துத் தருவது, வாடகை அக்ரிமென்ட், எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்கிற வெளிநாட்டவர் ஆபீஸில் பதிவு, கேஸ் கனெக்‌ஷன், பாத்ரூமில் பல்லி வந்தால் சமாதானம் சொல்வது, எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட். இப்போது இந்த வேலைக்கு வருகிற பெண்கள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாம் ஆன்லைனில் முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். முடியும், தாயே. வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் கொடுத்த பிறகு எல்லாம் முடியும்.

யூஹா என்று ஒருவர். பின்லாந்துக்காரர், சாப்ட்வேர் இன்ஜினியர், நிலைவாசலில் குனிந்து வருகிற உயரம். சின்ன பிராஜெக்ட் என்று அனுப்பினார்கள், அது நீண்டுகொண்டே போனது. அங்கே அவர் மனைவி ஹெலிக்கு, டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. இவர் இங்கே ஹோட்டல் ரூமில் உட்கார்ந்து போனில் முகம் பார்த்தார். விசா பதிவு பாதியில் நின்றது. நடுவில் ஊருக்குப் போய் வந்தால் எல்லாம் முதலிலிருந்து. குழந்தைக்குக் கழுத்து நின்று, குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டது. அப்பா இன்னும் தூக்கவில்லை.

குடும்பத்தை வரவழைக்கலாம் என்றால் அவர் கம்பெனியின் எச்.ஆர். பாடியது ஒரே பாட்டு. "மேடம், வீட்டு ஓனரும் அவரும் சைன் போட்ட அக்ரிமென்ட் அனுப்புங்க, அன்னிக்கே டிக்கெட் போட்டுடறேன். அது இல்லாம பாலிசி ஒத்துக்காது."

யூஹா ஒருநாள் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "சுகுணா, இந்த வாரம் வீடு கிடைக்காவிட்டால் நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன். கோபத்தில் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்" என்றார். அந்த ஆள் குரலை உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. அன்றைக்கு அவர் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை.

2. மாடி வீடு

கடைசியில் வீடு அமைந்தது, நெம்மேலிக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில். மாடியில் நின்றால் எதிரே கடல். வீட்டுக்காரம்மா தனலட்சுமி அக்கா. கரையில் மீனை ஏலத்தில் எடுத்து ஓட்டல்களுக்குப் போடுகிறவர். சும்மா பேசினாலே ஏலம் விடுகிற மாதிரிதான் இருக்கும்.

"வெள்ளக்காரனுக்கு வூடு குட்தா போலீசு கீலீசு வந்து நிக்குமா?" என்றார் முதலில்.

"வராதுக்கா. யார் தங்கறாங்கன்னு ஆன்லைன்ல ஒரு சி ஃபார்ம் போடணும், அவ்ளோதான். நான் போட்டுத் தரேன்."

"அப்பொ சரி. ஆனா பால் காச்சணும். பொங்கணும். அப்பறம்தான் கையெழுத்து, சாவி எல்லாம்."

அதற்குக் காரணம் இருந்தது. "போன வாட்டி ரெண்டு பசங்க வந்தானுங்க. பால் காச்சுங்கடான்னா, அதெல்லாம் நம்பிக்கை இல்ல ஆன்ட்டின்னானுங்க. அடுப்ப கரியாக்கி, செவுரு பூரா ஆணி அட்ச்சி, சொல்லாம கொள்ளாம ஓடிட்டானுங்க. இப்பொ புது அடுப்பு வாங்கி வெச்சிகீறேன். இனிமே பால் பொங்காம எவனுக்கும் சாவி கெடையாது!"

எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆடிக்கு முன்னால் பால் காய்ச்சிவிட்டால் ஆடியில் சாமானை எடுத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் வந்து இருக்கலாம். எல்லோரும் செய்கிறதுதான். வெள்ளிக்கிழமை, ஆனி கடைசி நாள். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் முடித்துவிடலாம் என்று நாள் குறித்தோம்.

3. உப்பு நன்றாகத்தான் போனது

வெள்ளிக்கிழமை காலையில் யூஹா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். தனலட்சுமி அக்கா மஞ்சள் தேய்த்துக் குளித்து, சாமி படம், குடத்துத் தண்ணி, பருப்பு, உப்பு எல்லாம் தயாராக வைத்திருந்தார். முதலில் உப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்றேன். யூஹா முகம் மலர்ந்துவிட்டது. "எங்கள் ஊரிலும் புது வீட்டுக்கு ரொட்டியும் உப்பும்தான் கொண்டுபோவோம்!"

அதை நான் தமிழில் சொன்னதும் அக்காவுக்கு அப்படியொரு சந்தோஷம். "பாத்தியா! அம்மாந்தூரத்துல கூட உப்புதான்! நல்ல மனுசங்க, சுகுணா."

யூஹா போனை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தார். வீடியோ காலில் ஹெலி, மடியில் குழந்தை ஐனோ. அடுப்பைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றினேன். பாக்கெட்டில் பாதியைத்தான் ஊற்றினேன், மீதி காபிக்கு ஆகும் என்று.

பால் சூடேறி, ஓரம் கட்டி, மெல்ல எழும்பியது. அக்கா கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். நான் அப்பாடா என்று மூச்சு விடுகிறேன். பால் விளிம்புக்கு வந்தது. யூஹா ஒரே பாய்ச்சல். குமிழைத் திருகி அடுப்பை அணைத்துவிட்டார்!

பால் பொசுக்கென்று அடங்கிப் போனது. ஒரு சொட்டுகூட வழியவில்லை. யூஹா நெற்றியைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். பெரிய விபத்தைத் தடுத்துவிட்ட சிரிப்பு.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. "இன்னா பண்ணாரு இவுரு? அணைச்சிட்டாரா? பொங்கற பால அணைச்சிட்டாரா?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷம் பேசியே பிழைத்த வாய், சும்மா இருக்குமா? "அக்கா, அவங்க ஊர்ல இப்படித்தான்! உப்பு மாதிரி இதுவும் ஒரு வழக்கம். பொங்கறதுக்கு முன்னாடி குடி வர்றவங்க அணைக்கணும், அதுதான் அங்க சுபம்" என்று அள்ளி விட்டேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்பொ நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நின்னுகினு கீற? எனக்கே மீன் விக்கிறியா? போ, போ. இந்த வூடு வாணாம். ஆடி போவட்டும், ஆவணில பாக்கலாம்."

சாவி அவர் இடுப்பில் ஏறிவிட்டது. போனில் ஹெலி என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். யூஹாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பால் பொங்கி வழிந்தால்தான் வீட்டில் எல்லாம் நிறையும் என்று அர்த்தம், நீங்கள் அதை நிறுத்திவிட்டீர்கள், அவர் வீடு தர மாட்டேன் என்கிறார் என்றேன். அந்த நெட்டை மனுஷர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். போனைப் பார்த்தார். அதில் குழந்தை ஹெலியின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வீடு பார்க்கும்போதே ஏன் இதை இவரிடம் விளக்காமல் போனேன் என்று என் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அக்காதான் படியில் காலை வைத்தபடி திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு கேளு. எதுக்கு அணைச்சாரு? நீ சொல்லாத. அவுர கேளு."

கேட்டேன். யூஹா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். "அடுப்பு புதுசு. அது அந்த அம்மாவுடையது, என்னுடையது இல்லை. முதல் நாளே அழுக்காக்கிவிட்டால் என்னை என்ன நினைப்பார் என்று பயந்துவிட்டேன். மன்னிக்கச் சொல்லுங்கள்."

அக்கா பளபளவென்று இருந்த அடுப்பைப் பார்த்தார். யூஹாவைப் பார்த்தார்.

"என் அடுப்புக்காவ அணைச்சாரா?" என்றார். "யம்மா... அந்தப் பசங்க அடுப்ப கரியாக்கினானுங்க. இந்தப் புள்ள ஒரு சொட்டு படக் கூடாதுன்னு பாஞ்சிகீது. இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? வழக்கமாம் வழக்கம்! மீதி பால் எங்க? ஊத்து, ஊத்து, ராகு காலம் வர்துக்குள்ள!"

காபிக்கு வைத்த பால் காப்பாற்றியது. இந்தத் தடவை அக்காவே அடுப்பை மூட்டினார். யூஹாவைப் பின்னால் கை கட்டிக்கொண்டு நிற்க வைத்தேன். பால் எழும்பியபோது அவர் கை தவித்த தவிப்பு இருக்கிறதே! புசுபுசுவென்று பொங்கி, புது அடுப்பு முழுக்க வழிந்து, மேடையிலும் ஓடியது. "கெயக்கால பொங்கிச்சு!" என்று அக்கா கத்தினார். கிழக்குப் பக்கம் பொங்கினால் ரொம்ப விசேஷம். அப்படியே அடுப்படியிலேயே இருவரும் அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டார்கள். எச்.ஆர். சொன்ன சொல் தவறாமல் அன்றைக்கே டிக்கெட் போட்டார்.

4. வந்தார்கள்

ஆடி நடுவில் ஹெலியும் குழந்தையும் வந்து இறங்கினார்கள். ஏர்போர்ட்டில் ஐனோ அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு கையை நீட்டி மூக்கைப் பிடித்தாள். யூஹா அவளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் இல்லை. நான் டிரைவரைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் தனலட்சுமி அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, "இன்னாக்கா, ஆடில குடி வெக்கிறியா?" என்றாள். "அவுங்க ஆனிலயே குடி வந்துட்டாங்கடி. ஊர்ல இருந்த பொண்டாட்டி, புருஷன் வூட்டுக்கு வருது. உனுக்கு இன்னா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

மாடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். டீ போடுகிறேன் என்று யூஹாவே பாலை அடுப்பில் வைத்தார். தோளில் ஐனோ. பால் எழும்பியது. யூஹா அசையவில்லை. வழிந்தது. அசையவில்லை. அடுப்பு முழுக்க ஓடி, தரையிலும் சொட்டியது. அவர் பெருமையாக எங்களைத் திரும்பிப் பார்த்து, கற்று வைத்திருந்த ஒரே தமிழ் வார்த்தையைச் சொன்னார். "பொங்கட்டும்!"

"யோவ்!" என்று கீழ்வீடு அதிரக் கத்தினார் அக்கா. "அடுப்ப அணைய்யா! அதான் ஒரு வாட்டி பொங்கிடிச்சில்ல! டெய்லி பொங்க வுட்டா டீக்கு இன்னாத்த ஊத்துவ?"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ரெண்டு பேருக்கு நடுவில் நின்றால் அவர்கள் சொன்னதை மட்டும் சொல்லுங்கள், சொந்தச் சரக்கைச் சேர்க்காதீர்கள். ஒரு வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தால் அது எங்கே தொடங்குகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். எங்கே முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அந்த அடுப்பைத் துடைத்தது நான்தான்.