டப்பாவில் விழுந்த இரண்டு டோக்கன்கள்

ஒருவருடைய வேலை போகும்படி நான் பொய் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். 1991-இல் நடந்தது. அப்போது ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூர்ப் பக்கம், உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் வருகையைக் கணக்கெடுக்கும் டைம் ஆபீஸ் பொறுப்பில் இருந்தேன்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபத்தெட்டுத் தொழிலாளர்களைப் பஸ்ஸில் கோலார் தங்கவயலுக்கு அழைத்துப் போனேன். சுரங்க வாசலில் ஒரு பலகை நிறைய ஆணிகள், அவற்றில் எண் போட்ட பித்தளை வில்லைகள்.

"மேல வந்தவன் அவனே மாட்டணும். ஆணி காலியா இருந்தா ஆளு இன்னும் உள்ள கிறான்னு அர்த்தம்" என்றார் அங்கிருந்த சுரங்கத் தொழிலாளி.

எங்கள் தொழிற்சாலையிலும் வருகைக்கு அவரவர் எண் போட்ட டோக்கன்தான். சுற்றுலாவுக்கும் அதையே கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு முறை வண்டி ஏறும்போதும் என் டப்பாவில் போட வேண்டும், இறங்கும்போது எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுரங்கம் பார்த்த பிறகு, பஸ்ஸை முன்னதாகவே கோலார் டவுனுக்கு அனுப்பிவிட்டு, பக்கத்திலிருந்த பங்காருப்பேட்டையிலிருந்து நாங்கள் சின்ன ரயிலில் கிளம்பினோம். பாறைக் குன்றுகளுக்கு நடுவே பொம்மை வண்டிபோல வளைந்து வளைந்து போனது. வழியில் ஒரு சிறிய ஸ்டேஷனில் வெகுநேரம் நின்றது. எல்லோரும் இறங்கிப் பாறைமேல் ஏறினார்கள். விசில் கேட்டதும் ஓடிவந்தார்கள். டப்பாவை நீட்டினேன். எண்ணிப் பார்த்தேன், இருபத்தெட்டு டோக்கன். முகங்களை எண்ணவில்லை.

கோலாரில் இறங்கியபோது இருபத்தேழு பேர். வல்லக்கோட்டையைச் சேர்ந்த தற்காலிகத் தொழிலாளி ஒருவரைக் காணோம். அடுத்த மாதம் அவர் வேலை நிரந்தரமாக வேண்டியது. அவருடைய நண்பர் தலையைச் சொறிந்தார்.

"தண்ணி புட்சிகினு வரேன், நீ போட்டுடுன்னு குடுத்தான் சார். வந்துடுவான்னு ரெண்டையும் போட்டேன். ஷிஃப்ட்ல போடற மாதிரி."

முன்னாள் பிரதமர் எங்கள் ஊரில் கொல்லப்பட்ட அந்த மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்றாலே வெளியூரில் ஏற இறங்கப் பார்த்தார்கள். தற்காலிகம் என்பதால் அவருக்கு அடையாள அட்டை கிடையாது. இருந்த ஒரே அடையாளமான டோக்கனும் என் டப்பாவில். பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு அந்த ஸ்டேஷனுக்குப் போனோம். அவர் தண்டவாளத்தோடு நடந்து போனதாகச் சொன்னார்கள். பொழுது சாயும்வரை தேடினோம். பிறகு, அவர் இல்லாமலே கிளம்பச் சொன்னேன்.

மறுநாள் மேனேஜர் கேட்டபோது, முகம் பார்க்காமல் எண்ணினேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 'அனுமதியின்றித் தானாகக் குழுவைவிட்டுப் பிரிந்து சென்றார்' என்று எழுதிக் கொடுத்தேன்.

புதன்கிழமை, வீங்கிய கால்களோடு அவர் வந்து சேர்ந்தார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் போலீஸ் விசாரணைக்கு உட்கார வைத்துவிட்டார்களாம். பிடித்த அன்று ஞாயிறு என்பதால் தொழிற்சாலையில் போனை எடுக்க ஆளில்லை; விட்ட பிறகு நடந்தும் லாரி ஏறியும் வந்திருக்கிறார். நிரந்தரமாகிறவர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டு, ஆளையும் அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. கடைசியில் நடந்ததை மேனேஜருக்குக் கடிதமாக எழுதினேன். என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். இன்னொருவர் டோக்கனைப் போட்டது குற்றம் என்று நண்பரை வேலையைவிட்டு நீக்கினார்கள். பட்டியல் மட்டும் மாறவில்லை.

மன்னிப்புக் கேட்க வல்லக்கோட்டைக்குப் போனேன். நண்பரும் அங்கேதான் இருந்தார். மறைமலை நகரில் வேலை கேட்க இரண்டு பேரும் சைக்கிளில் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வா சார். இன்னிக்கு எத்தினி டோக்கன் வந்துச்சு?" என்றார் நண்பர்.

மற்றவர் சிரிக்கவில்லை. "பொய் சொல்லி என் வேலைய எடுத்த. நெசத்தச் சொல்லி இவன் வேலைய எடுத்த. உன் வேல மட்டும் எப்டி சார் அப்டியே கீது?"

பதில் எனக்குத் தெரியும். ஒருவர் டோக்கனை இன்னொருவர் போடுவது எங்கள் ஷிஃப்டுகளில் பல வருஷமாக நடந்தது. நானும் தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கணக்கில் ஆள் குறையாவிட்டால் என்னை யாரும் கேள்வி கேட்கமாட்டார்களே. அந்த ஒரு வரியைக் கடிதத்தில் நான் எழுதவில்லை. அவர்கள் முன்னாலும் சொல்லாமல் திரும்பினேன்.

இன்று எழுதிவிட்டேன், அந்த இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாத இந்த வயதில். இப்போதும் கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ வேனில் போகும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணுகிறேன். எண்ணிக்கை சரியாக இருந்தாலும், யாரோ ஒருவர் இன்னும் ஏறவில்லை என்றே எனக்குப் படுகிறது.